அமரர் ஊர்தியில் ஓர் ஆய்வு

மாது அரசாங்க ஓட்டுநர். ஆனால் அவருக்கு ஓட்ட வண்டி கிடையாது. கேட்பவர்கள் சிரிக்கலாம், தப்பில்லை. மாதுவே சிரித்துச் சிரித்து அலுத்துப்போனவர்தான். தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்தின் பழைய ஜீப்பை இனி ஓடாது என்று எழுதி ஏலத்தில் விட்டுவிட்டார்கள். ஜீப்பை ஏலம் விட முடிந்தது, ஓட்டுநரை விட முடியவில்லை. அதனால் அவர் தினமும் காரிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து தருமபுரி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, தபால் கொண்டுபோய்க் கொடுப்பார், டீ வாங்கி வருவார், தட்டச்சு செய்ய ஆளில்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைத் தட்டுவார்.

"ஸ்டியரிங் புடிச்சி ரொம்ப நாளாச்சுங்க மேடம். வூட்டுல சோத்துத் தட்ட வெச்சாக்கூட கை தானா திருப்பப் பாக்குது" என்பார்.

அவர் மேடம் என்று அழைக்கும் சகாயராணி, தொழிலாளர் உதவி ஆய்வாளர். நியமன உத்தரவில் அவளுக்கு ஒரு பகுதிதான். பக்கத்துப் பகுதியில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது அதையும் கூடுதலாகப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கடுத்த பகுதியில் இருந்தவர் மாற்றலாகிப் போனபோது அதுவும் வந்து சேர்ந்தது. ஒரே சேலையைக் கிழித்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் கட்டிவிட்டதுபோல, எந்த இடத்திலும் அவள் முழுதாக இல்லை. கடைகள், ஓட்டல்கள், செங்கல் சூளைகள், மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மில்கள் எல்லாம் அவள் பொறுப்பு. போதாததற்குச் சந்தைக் கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியா என்று பார்ப்பதும் அவள் வேலைதான். இண்டூர்ப் பக்கம் அவளுக்குத் 'தராசு மேடம்' என்றே பெயர். தங்களுக்காகவும் இந்த மேடம் வரவேண்டியவள் என்பது அங்கே மில்லில் வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவளிடம் சொந்தமாக ஒரு ஸ்கூட்டி இருந்தது. ஓர் ஊருக்குப் போய்ச் சேர அது போதும். ஒரு மில்லுக்குள் நுழைய அது போதாது. மெயின் ரோட்டில் அவள் திரும்பும்போதே டீக்கடையிலிருந்து போன் போய்விடும். கேட்டுக்கு முன்னால் போய் நின்றால், சாவியை வைத்திருப்பவர் இப்போதுதான் சாப்பிடப் போனார் என்பார்கள். அவர் சாப்பிட்டு முடித்து வருவதற்குள் உள்ளே எல்லாம் ஒழுங்காகிவிடும். ஒருமுறை ஒரு மில்லில் அத்தனை பேர் கையிலும் புத்தம்புதுக் கையுறை. ஒருவர் கையுறையில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

மில் முதலாளிகள் நல்லவர்கள். கார் அனுப்புவதாகச் சொல்வார்கள். "மேடம் வெயில்ல எதுக்கு வரணும், நம்ம வண்டி வரும்" என்பார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தக் கார்களில் ஏறிப் போனார்கள். சகாயராணி ஏறவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு விலை இருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை, அவள் பார்க்காமல் விட்ட மில்களில் நின்றவர்கள் கொடுத்தார்கள். இது அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மண்டியிடும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தை மாதம், கிழங்கு மில்களில் இரவு பகல் பார்க்காமல் வேலை ஓடும் நேரம். ஒரு காலை அவள் அலுவலகப் படியேறும்போது போன் வந்தது.

"தராசு மேடமுங்களா? நான் பாஞ்சாலி பேசறேனுங்க. கல்லுக்குழிக்கொட்டாய் மில்லுல தோலு சீவறனே. சந்தையில நம்பர் குடுத்தீங்களே."

"சொல்லுங்கக்கா."

"நேத்து பொழுதோட நம்ம மில்லுல ஒரு பையன் பெல்ட்டுல சிக்கிப் பூட்டானுங்க. ரஞ்சித்குமாருன்னு பேரு. கெழங்கு அரைக்கிற மெஷினு ஓட்டற பையன்." அவள் குரல் தாழ்ந்தது. "பெல்ட்டுக்கு மூடி இல்லீங்க, எப்பவுமே இருந்ததில்ல. இப்ப வெல்டர வர வெச்சி மூடி மாட்டறாங்க. மத்தியானத்துக்குள்ள மாட்டிடுவாங்க. அப்பறம் மொதல்லருந்தே இருந்துச்சுன்னு சொல்லிடுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மேடம்."

சகாயராணி காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். மில் மேனேஜர் தர்மன் முந்தின இரவே புகார் கொடுத்திருந்தார். இறந்தவர் மில் தொழிலாளி அல்ல, வெளியாள், செல்போனுக்குச் சார்ஜ் போட உள்ளே வந்தவர், குடித்திருந்தார், ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மூடியைத் தானே கழற்றிவிட்டுத் தடுமாறி விழுந்தார். புகார் அவ்வளவுதான். செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவன் பெல்ட்டின் மூடியை எதற்குக் கழற்றுவான் என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் வண்டி தேடினாள். அரசு வண்டி ஒன்றும், கூடவே ஒரு காவலரும் இருந்தால் கேட்டைச் சாத்த முடியாது. ஆனால் அன்று சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மாவட்டத்தில் சக்கரம் வைத்த அரசாங்க வண்டி எல்லாம் அவருக்குப் பின்னால் போயிருந்தது. நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். நாளைக்கு மூடியில் பெயிண்ட்டும் காய்ந்திருக்கும்.

"வாங்க மேடம், ஆஸ்பத்திரிக்காவது போய் அந்தப் பையனோட அம்மாவப் பார்ப்போம்" என்றார் மாது. இருவரும் ஸ்கூட்டியில் போனார்கள். அவளே ஓட்டினாள், அரசாங்க ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

பிரேதப் பரிசோதனை முடிந்திருந்தது. பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் ரஞ்சித்குமாரின் தாய் கோவிந்தம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம் இல்லை அது; அழவே ஆரம்பிக்காத முகம். கூட வந்த உறவுக்காரர்கள் எங்கோ கையெழுத்துப் போட அலைந்துகொண்டிருந்தார்கள். சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்து தான் யார் என்று சொன்னாள். கோவிந்தம்மாளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் கேட்க வந்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

"குடிச்சிருந்தான்னு எழுதியிருக்காங்களாமா. ஏங்க, அவன் பீடியக்கூட தொட்டதில்லீங்க. வேலைக்குப் போனவனுங்க அவன். வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனான். எங்கூரு முழுக்க இப்ப என்ன பேசும்? குடிகாரன் வுழுந்து செத்தான்னுதான பேசும்? செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லுவானா? சொல்லுங்க."

அப்போதுதான் மாது வாசலில் நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தார். இலவச அமரர் ஊர்தி. அதன் ஓட்டுநர் வீரமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் ஓட்டுநர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்காது. மாது அவனிடம் போய்ப் பேசிவிட்டு வேகமாக வந்தார்.

"மேடம், பாடி நேரா ஊருக்குப் போகல. மில்லு கேட்டாண்ட நிறுத்தச் சொல்லியிருக்காங்க. வேல செஞ்சவங்க மாலை போடணுமாம். பொணம் வர்றப்ப யாரும் கேட்டச் சாத்த மாட்டாங்க மேடம்."

அவர் சொல்ல வந்தது அவளுக்குப் புரிந்தது. செத்த பையனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போவதா? ஓர் அதிகாரி ஆய்வுக்குப் போகும் வழியா இது? ஆனால் வேறு வழி எது என்று யோசித்தால் எதுவும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவள் தான் அல்ல என்று அவளுக்குத் தோன்றியது. கோவிந்தம்மாளிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். மூடி மாட்டுகிறார்கள், மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்கள், எனக்கு வண்டி இல்லை, உங்கள் மகன் போகும் வண்டியில் வரட்டுமா?

கோவிந்தம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "வாங்க" என்றாள். "அவன் கால்மாட்டுல எடம் இருக்கும். உக்காந்துக்குங்க."

ஸ்கூட்டி ஆஸ்பத்திரியில் நின்றது, உறவுக்காரர்கள் பைக்குகளில் நேராக ஊருக்குப் போனார்கள். வண்டி கிளம்பியது. மாது முன்னால் வீரமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நீளப் பலகையில் கோவிந்தம்மாளும் சகாயராணியும். எதிரே வெள்ளைத் துணி சுற்றிய ரஞ்சித்குமார். வண்டி திருப்பத்தில் சாயும்போதெல்லாம் கோவிந்தம்மாள் கையை நீட்டி அவனைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடுவான் என்று பயந்ததுபோல இருந்தது. இண்டூரைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக ஆனது. சகாயராணியும் தன்னையறியாமல் கையை நீட்டிக் காலைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கு அடியில், சேர்த்துக் கட்டிய கால் கட்டைவிரல்கள் குளிர்ந்து தட்டுப்பட்டன. அவள் அழுதாள். அலுவலக வாழ்க்கையில் முதல்முறையாக வேலை நேரத்தில் அழுதாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். யாரும் போனை எடுக்கவில்லை.

மில் கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. பிணம் கடந்துபோகும்வரை மெஷின் ஓடக்கூடாது என்பது அந்தப் பக்கத்து மரியாதை. உள்ளே சத்தமே இல்லை. கிழங்கு மாவின் புளித்த வாடை மட்டும் அடித்தது. பெண்களும் ஆண்களுமாக எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். பதிவில் எட்டுப் பேர் வேலை செய்யும் மில் அது. நின்றவர்களை எண்ணாமலே தெரிந்தது, எட்டுப் பேரைவிடப் பல மடங்கு இருந்தார்கள். கேட்டுக்கு மேலே ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது.

"மேடம், மேல பாருங்க" என்றார் மாது மெதுவாக.

கண்ணீர் அஞ்சலி. நடுவில் ரஞ்சித்குமார், கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவாக இருக்கவேண்டும், சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே, அவனைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி மில் முதலாளி. 'எங்கள் மில்லின் மெஷின் ஆபரேட்டர் அன்புத்தம்பி ரஞ்சித்குமார் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். இவண்: நிர்வாகத்தினர் மற்றும் தொழிலாளர்கள்.' இளவட்டங்கள் காசு போட்டு அடித்தது. முதலாளி படமில்லாமல் ஃபிளெக்ஸ் அடித்தால் முதலாளி கோபித்துக்கொள்வாரே என்று அவர் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மேனேஜர் இரவெல்லாம் காவல் நிலையத்திலும் காலையெல்லாம் வெல்டரோடும் இருந்ததால் தலையை நிமிர்த்திப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சகாயராணி இறங்கியதும் தன் போனில் அதைப் படம் எடுத்தாள். அலுவலகத்துக்குக் கேமரா என்று ஒன்று கொடுத்ததில்லை.

தர்மன் பெரிய ரோஜா மாலையைக் கையில் பிடித்தபடி வந்தார். முகத்தில் துக்கத்தைச் சரியாக வைத்திருந்தார். பிணத்துக்குப் பின்னாலிருந்து இறங்கியவள் யார் என்று தெரிந்ததும் அந்த முகம் எங்கோ போய்விட்டது.

"மேடம்... நீங்க எப்படி இதுல?"

"இந்த வண்டிதான் கிடைச்சுது" என்றாள் சகாயராணி. அவர் பக்கத்தில் நிற்காமல் உள்ளே நடந்தாள்.

தர்மன் வாட்ச்மேனைப் பார்த்து, "கேட்டச் சாத்துடா" என்றார். வாட்ச்மேன் நகரவில்லை. "பொணத்துக்கு முன்னால கேட்டச் சாத்தறதா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார். அப்படிச் சாத்தினால் அதற்கப்புறம் மில்லில் எந்த மெஷின் ஓடினாலும் விளங்காது என்று மேனேஜரும் நம்புகிறவர்தான்.

அரைக்கும் மெஷின் கொட்டகையின் மூலையில் இருந்தது. மோட்டாரிலிருந்து மெஷினுக்குப் போகும் பெல்ட் இடுப்பு உயரத்தில், நடக்கிற வழியை ஒட்டியே ஓடியது. பாதிக்குத்தான் மூடி ஏறியிருந்தது. தகரம் பளபளவென்று இருந்தது. மீதி மூடி தரையில் கிடந்தது. தூணில் அதை மாட்டத் துளை போட்ட இடத்தில் இரும்புத்தூள் இன்னும் உதிர்ந்து கிடந்தது. கீழே தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தது.

வழியின் அகலத்தை அளக்கவேண்டும். அவளிடம் அளவு டேப் இல்லை. ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியது எப்போதோ, இன்னும் வரவில்லை. வெல்டர் அவளைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான். இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து நீட்டினான். மறுமுனையை அவனே பிடித்தான். மூடி மாட்ட வந்தவனே டேப் பிடித்துக் கொடுத்தான். "காத்தாலதாங்க வரச்சொன்னாங்க" என்றான், அவள் கேட்காமலே.

அவள் வெளியே வந்தபோது தர்மன் கொஞ்சம் தெளிந்திருந்தார். ஃபிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லியிருந்தார். அது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தப் பசங்க ஊர்ப் பாசத்துல எதையோ அடிச்சிட்டாங்க. ஊருல எந்தப் பையன் செத்தாலும் இப்பிடித்தான் அடிப்பாங்க. அத வெச்சி எல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. மூடி பழசாப் போச்சு, மாத்தறோம். அவன் வெளியாள். வேணும்னா இங்க இருக்கறவங்களக் கேட்டுக்குங்க." அவர் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க மேடம், தாராளமா."

சகாயராணி கேட்டாள். ரஞ்சித்குமார் இங்கே வேலை செய்தாரா? எல்லோரும் மாலைகளைப் பிடித்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தர்மன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாளைக் காலையில் இதே கேட்டில்தான் அவர்கள் வந்து நிற்கவேண்டும். அதற்குள் தராசு மேடம் எந்தப் பகுதிக்குப் போயிருப்பாளோ. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு அவளுக்கு உரிமையும் இல்லை.

அப்போது பாஞ்சாலி முன்னால் வந்தாள். நடுத்தர வயது, கிழங்குப் பால் பட்டு வெளுத்த விரல்கள். சகாயராணியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வண்டியின் பின்கதவருகே போய், மாலையை ரஞ்சித்குமாரின் மார்பில் வைத்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"கெழக்க வெளுக்கும் முன்னே
கெழங்கு கொட்ட வந்தவனே
ராத்திரி சிப்ட்டும் நீதானே
பகலு சிப்ட்டும் நீதானே
ரெண்டாளு வேலயெல்லாம்
ஒத்தாளாச் செஞ்சவனே
தண்ணி குடிக்க நேரமில்லே
சாராயம் ஏது ராசா..."

மற்ற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். கோவிந்தம்மாளையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பாஞ்சாலி நிறுத்தவில்லை.

"மூடி ஒண்ணு வேணுமின்னு
மூணு தடவ கேட்டியே
அடுத்த மாசம் பாக்கலாம்னு
அவரு சொன்னத நம்புனியே
அடுத்த மாசம் வருமுன்னே
அடங்கிப் போனியே ராசா..."

தர்மன் தரையைப் பார்த்தார். சாவில் ஒப்பாரி வைக்கிறவளிடம் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமியாரை இழுக்கலாம், பங்காளியை இழுக்கலாம், ஊர்க் கவுண்டரையே இழுக்கலாம். மறுநாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அழுகையில் சொன்னது அழுகையோடு போய்விடும். பாஞ்சாலி அந்த இடத்தைத்தான் பிடித்திருந்தாள்.

சகாயராணியின் கையில் பேனா இருந்தது. எல்லாமே அந்தப் பாட்டில் இருந்தது: வேலை செய்தான், இரண்டு ஷிப்ட் செய்தான், குடிக்கவில்லை, மூடி கேட்டான். ஆனால் அவள் எழுதவில்லை. எழுதினால் அது அழுகையோடு போகாது. பாஞ்சாலியின் பெயரோடு நிற்கும். திருட்டுத்தனமாக அதை எழுதிக்கொண்டு போனால், மெயின் ரோட்டில் தன்னைக் கண்டதும் மில்லுக்குப் போன் போடும் டீக்கடைக்காரனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது.

பாட்டு ஓய்ந்ததும் அவள் பாஞ்சாலியின் பக்கத்தில் போய் நின்றாள். மெதுவாகக் கேட்டாள், "அக்கா, இதை அழாம சொல்ல முடியுமா?"

பாஞ்சாலிக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தர்மனைப் பார்த்தாள். வண்டிக்குள் பார்த்தாள். மூச்சு வாங்கியது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அழாம சொல்லணும்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "எழுதிக்குங்க. பேரு பாஞ்சாலி. இதே மில்லுலதான் தோலு சீவறேன். ரஞ்சித்து இங்கதான் மெஷின் ஓட்டினான். பெல்ட்டுக்கு மூடி கெடையாது. அவன் மேனேஜர் கிட்ட கேட்டத நான் என் காதால கேட்டேன். அவன் குடிக்க மாட்டான். போதுங்களா?"

"பாஞ்சாலி, நாளைக்கு நீ வேலைக்கு வரணுமில்ல?" என்றார் தர்மன்.

"வருவேனுங்க. அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் பாஞ்சாலி.

மேசை இல்லை. சகாயராணி அமரர் ஊர்தியின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்து எழுதினாள். மாது காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டார். பாஞ்சாலி கையெழுத்துப் போட்டதும் அந்தக் கிழவர் வந்தார். "என்னையும் போட்டுக்கம்மா" என்றார். அப்புறம் ஃபிளெக்ஸ் அடித்த பையன்களில் ஒருவன் வந்தான். வெல்டர் தயங்கித் தயங்கிக் கடைசியாக வந்து, காலையில்தான் மூடி மாட்ட வந்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். மற்றவர்கள் வரவில்லை, மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வந்தவர்களே போதும். மெஷினை இனி ஓட்டக்கூடாது என்று எழுதி, ஒரு நகலைத் தர்மன் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இன்னொரு கையில் ரோஜா மாலை அப்படியே இருந்தது. அதைப் போடலாமா வேண்டாமா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"போட வுடாதீங்க" என்றாள் கோவிந்தம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். தர்மன் மாலையோடு பின்னால் போனார்.

வீரமணி வண்டியை ஸ்டார்ட் செய்தான். ஊரில் குழி வெட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள், இதற்குமேல் தாமதிக்க முடியாது என்றான். சகாயராணி ஏறவில்லை. இனி அது அவள் ஏறவேண்டிய வண்டி இல்லை. மெயின் ரோட்டுக்கு நடந்துபோய்ப் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று மாதுவிடம் சொன்னாள். இந்தக் காகிதங்களை இன்றே காவல் நிலையத்தில் கொடுத்துப் புகாரை மாற்ற வைக்கவேண்டும்.

கோவிந்தம்மாள் பின்கதவு வழியாக ஏறிக்கொண்டிருந்தாள். சகாயராணி அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

"அம்மா, உங்க பையன் வேலைக்குத்தான் வந்தான்னு எழுதியாச்சு. குடிக்கலைன்னும் எழுதியாச்சு. இனிமே யாரும் மாத்திச் சொல்ல முடியாது."

கோவிந்தம்மாள் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மாலைகளைச் சரிசெய்தாள். பிறகு சகாயராணியைப் பார்த்தாள். அது குற்றம் சொல்லும் பார்வை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட பார்வை.

"அவன் வேலைக்கு வந்தான்னு எனக்குத் தெரியுமுங்க. இப்பிடி மில்லு மில்லா வந்து பெல்ட்டப் பாக்கறதுக்கு சர்க்காருல ஒரு ஆளு இருக்காங்கன்னுதான் தெரியாது. உசுரோட இருக்கறப்பகூட வந்து பாப்பீங்களா?"

வீரமணி இறங்கி வந்து கதவைச் சாத்தினான். வண்டி கிளம்பியது. சகாயராணி காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள்.